408 பேட்டரி, ஒரு காத்தாடி, எங்க ஆச்சி

இன்னிக்கு எபிசோட் ஒரு ராஜா கதையிலயோ போர்க்களத்துலயோ ஆரம்பிக்கல. எங்க அப்பாவோட போன் காலில் ஆரம்பிக்குது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காபி கூட குடிக்கல, அப்பா கூப்பிட்டார். ரிட்டயர் ஆனதும் பணகுடி பக்கத்துல இருக்கிற எங்க பூர்வீக நிலத்துல சின்னதா ஒரு வீடு கட்டணும்ங்கிறது அவரோட ரொம்ப நாள் ஆசை. அஸ்திவாரம் போட்டாச்சு. இப்போ பிரச்சினை கரண்ட்டு. கடைசி மின்கம்பம் எங்க நிலத்துல இருந்து ரொம்பத் தள்ளி நிக்குது. ஏழு போஸ்ட் நட்டு லைன் இழுக்கணும். அதுக்கு பணம் கட்டணும், காத்திருக்கணும். அப்பா சொன்னார்: "எதுக்கும்மா இவ்வளவு பாடு? மொட்டை மாடியில சோலார் போடுவோம், பக்கத்துல சின்னதா ஒரு காத்தாடி வைப்போம். லைனே வேண்டாம். பில்லும் இல்ல, பவர் கட்டும் இல்ல. நீதான் சரித்திரம் சரித்திரம்னு படிக்கிறியே, இதுக்கு முன்னாடி யாராச்சும் இப்படி இருந்து பாத்திருக்காங்களா, அவங்க என்ன ஆனாங்கனு பாத்துச் சொல்லு."

பணகுடி தெரியாதவங்களுக்கு: திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் போற வழி. ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு இடைவெளி, அது வழியா தென்மேற்குக் காத்து பிச்சுக்கிட்டு வரும். அதனாலதான் அந்த வட்டாரம் முழுக்க காற்றாலை. எங்க நிலத்துல நின்னு எண்ண ஆரம்பிச்சா, ஐம்பதுக்கு மேல எண்ண முடியாம விட்டுருவீங்க. அத்தனை காத்தாடி சுத்துற ஊர்ல எங்க வீட்டுக்கு ஒரு லைன் இல்ல. எங்க ஆச்சி இதைக் கேட்டுட்டு, "இத்தனை காத்தாடியைச் சுத்த விட்டிருக்கான், நமக்கு ஒரு வயரு குடுக்க மாட்டானாமா?"ன்னு கேட்டா.

இந்தக் கதையில ஆச்சிதான் முக்கியம். ஆச்சிக்கு எண்பத்தி மூணு வயசு, நுரையீரல்ல பிரச்சினை. ராத்திரி பத்து மணி நேரம் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போட்டுத்தான் தூங்குவா. அந்த மெஷினுக்கு கரண்ட்டு நின்னா ஃபேன் நின்ன மாதிரி எழுந்து உக்காந்து விசிறிக்க முடியாது. அதனால அப்பா கேட்ட கேள்விக்கு "பண்ணலாம்ப்பா, சூப்பர் ஐடியா"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு தம்ஸ் அப் போட்டுட்டுப் போக எனக்கு மனசு வரல. உக்காந்து தேடினேன்.

தேடினப்போ எனக்குப் பெரிய ஆச்சரியம், இது புதுக் கேள்வியே இல்ல. கரண்ட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்ச அதே காலத்துல, சொந்தக் காத்துல சொந்தக் கரண்ட்டுங்கிற யோசனையும் நுழைஞ்சிருச்சு.

1887. ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவுல ஆண்டர்சன் கல்லூரியில ஜேம்ஸ் பிளைத்னு ஒரு பேராசிரியர். மேரிகர்க்ங்கிற கிராமத்துல அவருக்கு ஒரு விடுமுறைக் கால வீடு. அந்த வருஷம் ஜூலையில, அந்த வீட்டுத் தோட்டத்துல பத்து மீட்டர் உயரத்துல, துணிப் பாய் கட்டின ஒரு காற்றாலையை நிறுத்தினார். கப்பல் பாய் மாதிரி துணி. அது சுத்தி டைனமோவை ஓட்டும். டைனமோ பேட்டரியை நிரப்பும். பேட்டரி வீட்டு விளக்கை எரிக்கும். காத்து மூலமா கரண்ட்டு வாங்கின உலகத்தோட முதல் வீடு அதுதான்னு சொல்றாங்க. மிதமான காத்து அடிச்சா பத்து பல்பு எரியும்.

அவருக்கு தேவைக்கு மேல கரண்ட்டு கிடைச்சது. நல்ல மனுஷன், மிச்சத்தை ஊருக்குத் தர்றேன், மெயின் தெருவுல விளக்குப் போட்டுக்கோங்கனு சொன்னார். ஊர்க்காரங்க வேண்டாம்னுட்டாங்க. மின்சாரம் சாத்தானோட வேலைனு அவங்க நினைச்சதா கதை. இதைப் படிச்சு நான் சிரிச்சேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சது: பிளைத்துக்கு வந்த பிரச்சினை இன்னிக்கும் அப்படியே இருக்கு. நீங்க லைனே இல்லாம தனியா நின்னா, காத்து நல்லா அடிக்கிற நாள்ல, பேட்டரி நிரம்பினதுக்கு அப்புறம் வர்ற கரண்ட்டை என்ன பண்ணுவீங்க? வாங்கிக்க ஆள் இல்ல. வீணாத்தான் போகும். எங்க நிலத்துல ஆடி மாசம் அதுதான் நடக்கும்.

அவருக்கு இன்னொரு தலைவலி: காத்து ரொம்ப அடிச்சா என்ன பண்றது? துணிப் பாய் கட்டின மெஷினைப் புயல்ல அடக்குறது லேசு இல்ல. பின்னாடி அவர் வடிவத்தையே மாத்தினார். மான்ட்ரோஸ்ங்கிற ஊர்ல மனநல மருத்துவமனைக்கு அவர் அமைச்சுக் கொடுத்தது 1914 வரைக்கும் ஓடியிருக்கு.

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டுவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இவர். சார்லஸ் பிரஷ். அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம், கிளீவ்லாந்து. 1879ல அந்த ஊர்ப் பொதுச் சதுக்கத்துல தன்னோட ஆர்க் விளக்கை எரிய விட்டுக் காட்டினவர். மின்சாரத்துல சம்பாதிச்ச கோடீஸ்வரர். யூக்லிட் அவென்யூனு, பணக்காரங்க மட்டுமே குடியிருந்த தெருவுல பெரிய மாளிகை. அதோட பின்பக்கத் தோட்டத்துல 1887-88 குளிர்காலத்துல ஒரு காற்றாலை கட்டினார்.

சின்னது இல்ல மக்களே. பதினெட்டு மீட்டர் கோபுரம். சக்கரத்தோட குறுக்களவு மட்டும் பதினேழு மீட்டர். அதுல தேவதாரு மரத்துல செஞ்ச 144 இறக்கை. பாக்கறதுக்கு ராட்சஸ விசிறி மாதிரி இருக்கும். படம் இருக்கு, தேடிப் பாருங்க, கீழ புல்வெளியில நிக்கிற மனுஷன் எறும்பு மாதிரி தெரிவான். இவ்வளவு பெரிய உருவம் அதிகபட்சமாத் தந்தது 12 கிலோவாட். பிற்காலத்துல அதே குறுக்களவுல வந்த காற்றாலைங்க இதைவிட பல மடங்கு கொடுத்தது, அது வேற விஷயம்.

வீட்டோட நிலவறையில பேட்டரி. எத்தனை? 408. முந்நூத்தி அம்பது பல்பு அந்த வீட்டுல. அதுல தினமும் எரிஞ்சது நூறு சொச்சம். ரெண்டு ஆர்க் விளக்கு, மூணு மோட்டார். ஏறக்குறைய இருபது வருஷம் அது ஓடுச்சு. அதாவது, "இது நடக்குமா?"ங்கிற அப்பாவோட கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டுலயே பதில் வந்தாச்சு. நடக்கும். இருபது வருஷம் நடந்தது.

ஆனா 1890 டிசம்பர்ல 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகை இந்த வீட்டைப் பத்தி அட்டைப்படக் கட்டுரை போட்டுச்சு. ஒரேயடியாப் புகழ்ச்சி. அந்தப் புகழ்ச்சிக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை இருக்கு. காத்துக்குக் காசு இல்லைங்கிறதால இப்படி விளக்கெரிக்கிறது மலிவுனு யாரும் நினைச்சுடாதீங்க, மெஷினுக்கு ஆகிற செலவு, காத்து இலவசமாக் கிடைக்கிற லாபத்தை மொத்தமாச் சாப்பிட்டுடும்ங்கிற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. 1890ல! இன்னிக்கு யூடியூப்ல "ஜீரோ கரண்ட் பில்" வீடியோ போடுறவங்க நூத்துல பத்து பேர் கூட இந்த வரியைச் சொல்றதில்ல. காத்து இலவசம், வெயில் இலவசம். அதைப் பிடிக்கிற பாத்திரம் இலவசம் இல்ல. ராத்திரிக்கு மூடி வைக்கிற பாத்திரம்தான் எல்லாத்தையும் விட விலை.

பிரஷ் கோடீஸ்வரர், வாங்கி வெச்சார். காலப்போக்கில் கிளீவ்லாந்துல ஊர் கரண்ட்டு நல்லா வர ஆரம்பிச்சதும் அவரும் அதுக்கே போயிட்டார்.

சேமிக்கிறதுதான் சிக்கல்னு அப்போவே புரிஞ்சுக்கிட்ட இன்னொருத்தர் டென்மார்க்ல பொவுல் லா கூர். அஸ்கோவ்ங்கிற ஊர்ல மக்கள் பள்ளி ஒண்ணுல ஆசிரியர். 1891ல அங்க ஒரு காற்றாலை வெச்சார். பேட்டரி விலை கட்டுப்படியாகாதுனு அவர் வேற வழி பிடிச்சார்: காத்துல வர்ற கரண்ட்டை வெச்சுத் தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன் எடுத்து, தொட்டியில சேமிச்சு, அந்த வாயுவை வெச்சுப் பள்ளிக்கு விளக்கு. இன்னிக்கு "பசுமை ஹைட்ரஜன்"னு பேசுறாங்களே, அதை அவர் 1890கள்ல பண்ணிட்டார். ஒரே ஒரு குறை. ஹைட்ரஜன்ல கொஞ்சம் ஆக்சிஜன் கலந்துட்டா வெடிக்கும். வெடிச்சது. பள்ளிக் கட்டடத்தோட ஜன்னல் கண்ணாடியை ஒரு தடவை இல்ல, பல தடவை மாத்த வேண்டி வந்தது. கடைசியில அவரும் பேட்டரிக்கு வந்தார். அவரோட வழியில டென்மார்க் கிராமங்கள்ல வந்த மின் நிலையங்கள்ல, காத்து இல்லாத நாளுக்குனு ஒரு எண்ணெய் இன்ஜினும் பக்கத்துல நின்னுச்சு.

அந்த எண்ணெய் இன்ஜினை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, இவங்க எல்லாம் பேராசிரியர், கோடீஸ்வரர், விஞ்ஞானி. சாதாரண ஜனங்க? அதுக்கு அமெரிக்காவோட பண்ணை வீடுகளுக்குப் போகணும். 1930கள் நடுவுல அமெரிக்க நகரங்கள்ல கரண்ட்டு வந்தாச்சு, ஆனா பண்ணை வீடுகள்ல பத்துல ஒண்ணுலதான் இருந்தது. தனியார் கம்பெனிகளுக்கு அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கிற வீட்டுக்கு கம்பம் நட்டா கட்டுப்படியாகாது. எங்க அப்பாவோட ஏழு போஸ்ட் பிரச்சினை, அப்படியே.

அங்கதான் மார்செலஸ் ஜேக்கப்ஸ் வர்றார். மொன்டானாவுல ஒரு பண்ணைப் பையன். பக்கத்து ஊர் எங்கயோ இருக்கு. அண்ணன் தம்பியா சேர்ந்து, விமான இறக்கை மாதிரி மூணு இறக்கை வெச்ச காற்றாலை ஒண்ணு உருவாக்கி, 1920கள் பிற்பகுதியில விக்க ஆரம்பிச்சாங்க. அருமையான மெஷின். அட்மிரல் பைர்ட் அண்டார்டிகா போனப்போ ஒண்ணு கொண்டுபோனார். ஜேக்கப்ஸ் மாதிரியே வேற கம்பெனிகளும் வந்தாங்க. ரேடியோ கேக்க மட்டும் போதும்னு சின்னச் சின்ன காத்தாடியும் வித்தாங்க. ஆயிரக்கணக்கான பண்ணைகள்ல முதல் பல்பு, முதல் ரேடியோ எல்லாம் காத்துலதான் வந்துச்சு.

இந்த வீடுகள்ல ஓடினது பெரும்பாலும் 32 வோல்ட் டிசி. பேட்டரியை வரிசையா கோர்த்தா வர்ற அளவு அது. நம்ம கணக்குல யோசிப்போம்: ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் ஒண்ணு, 32 வோல்ட்ல ஓடணும்னா முப்பது ஆம்பியருக்கு மேல இழுக்கும். அதே பெட்டி 110 வோல்ட்ல ஒன்பது ஆம்பியர்தான். ஆம்பியர் ஏறினா வயர் தடியா இருக்கணும், இல்லைனா வயரே சூடாகிக் கரண்ட்டைத் தின்னுடும். கடையில விக்கிற சாதாரண சாமானும் அங்க ஓடாது. 32 வோல்ட்டுக்குனு தனியா செஞ்சதை வாங்கணும். பல்புக்கும் ரேடியோவுக்கும் அந்த வாழ்க்கை போதும். ஃப்ரிட்ஜ், மோட்டார், அடுப்புனு ஆசை வளர்றப்போ போதாது. ஆசைனு சொல்றது தப்பு. பாலைக் குளிரா வைக்கிறது பால் பண்ணைக்காரருக்கு ஆசை இல்ல, பிழைப்பு.

1935ல அரசு கிராம மின்மயமாக்கலுக்குனு தனி அமைப்பு தொடங்கிச்சு. விவசாயிகளே கூட்டுறவுச் சங்கம் அமைச்சு, குறைஞ்ச வட்டிக்குக் கடன் வாங்கி லைன் இழுத்தாங்க. இருபது வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாப் பண்ணைக்கும் கரண்ட்டு வந்தாச்சு. ஜேக்கப்ஸோட காத்தாடி கெட்டுப்போகல. பல வருஷம் நல்லாவே ஓடிச்சு. ஆனா ஜனங்க லைன் பக்கம் போயிட்டாங்க. 1950கள் முடிவுல தொழிற்சாலையை மூடினார். காத்தாடியில இருந்து லைனுக்குப் போனவங்களை முட்டாள்னு சொல்ல எனக்கு வாய் வரல. அவங்க ரெண்டையும் வாழ்ந்து பாத்தவங்க.

இடையில சோலார். 1954 ஏப்ரல்ல பெல் ஆய்வகத்துல சிலிக்கான் சோலார் செல்லைக் காட்டினாங்க, 6 சதவீதத் திறன். பத்திரிகைகள் கொண்டாடினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, அதைக் கண்டுபிடிச்ச மூணு பேர்ல ஒருத்தரான டேரில் சாப்பின் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு வாட்டுக்கு 286 டாலர். ஒரு சாதாரண வீட்டுக்கு வேண்டியதைக் கூரையில போட 14.3 லட்சம் டாலர். கண்டுபிடிச்சவரே உக்காந்து, இது வீட்டுக்கு ஆகாதுனு கணக்குப் போட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. சோலார் அப்புறம் செயற்கைக்கோளுக்குப் போயிருச்சு. அங்கதான் லைன் இழுக்க முடியாது.

இப்போ பேனல் விலை தரைமட்டத்துக்கு வந்தாச்சு. அப்போ பிரச்சினை தீர்ந்ததானு கேட்டா, பீகாருக்கு வாங்க.

ஜெகனாபாத் மாவட்டம், தர்னைங்கிற கிராமம். முப்பது வருஷத்துக்கு மேல கரண்ட்டு இல்லாம இருந்த ஊர். ரெண்டாயிரத்துச் சொச்சம் பேர். 2014 ஜூலையில கிரீன்பீஸ் அமைப்பு, இன்னும் சில அமைப்புகளோட சேர்ந்து, அங்க 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் அமைச்சுக் கொடுத்துச்சு. 70 கிலோவாட் வீடு, கடை, பள்ளி, தெருவிளக்குக்கு. 30 கிலோவாட் பாசன மோட்டாருக்கு. முழு சோலார் கிராமம்னு நாடு முழுக்கப் பேசினாங்க. தெருவுல முதல் தடவையா விளக்கு. ராத்திரி பொண்ணுங்க வெளியில நடமாட முடிஞ்சது. பசங்க படிச்சாங்க. இதெல்லாம் பொய் இல்ல.

ஆனா திறப்பு விழாவுக்கு முன்னாள் முதல்வர் வந்தப்போ, ஊர்க்காரங்க வரிசையா நின்னு கோஷம் போட்டாங்க: எங்களுக்கு நிஜமான கரண்ட்டு வேணும், போலிக் கரண்ட்டு வேண்டாம். நிஜம்னா லைன்ல வர்றது. போலினா கூரையில இருக்கிறது.

முதல்ல இதைப் படிச்சப்போ எனக்குக் கோவம். முப்பது வருஷம் இருட்டுல இருந்தவங்களுக்கு விளக்கு கொடுத்தா போலிங்கிறாங்களேனு. அப்புறம் விவரம் படிச்சேன். மைக்ரோகிரிட் வந்ததும் ஜனங்க மனுஷங்க பண்றதைப் பண்ணாங்க. டிவி வாங்கினாங்க. ஃப்ரிட்ஜ் வாங்கினாங்க. அந்த அமைப்பு விளக்குக்கும் ஃபேனுக்கும் கணக்குப் போட்டுக் கட்டினது. இதெல்லாம் சேர்ந்து இழுத்ததும் பேட்டரி சீக்கிரமே காலி. அதிகம் இழுக்கிற சாமான் வேண்டாம்னு சொன்னாங்க. பட்டணத்துல இருக்கிறவன் ஏசி போட்டுக்கலாம், நான் ஃப்ரிட்ஜ் வெக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை அவங்க கேக்காம யார் கேப்பாங்க? அதோட ஒரு யூனிட் விலையும் அரசு மானியத்துல வர்ற லைன் கரண்ட்டை விட அதிகம். கொஞ்ச காலத்துல லைனும் வந்துருச்சு. மக்கள் மாறிட்டாங்க. சில வருஷத்துல பேட்டரி தீர்ந்துபோய், அந்த சோலார் நிலையம் மாடு கட்டுற இடமா ஆயிடுச்சுனு செய்தி வந்துச்சு.

நம்ம ஊரும் இதுல சளைச்சது இல்ல. 2011ல தமிழ்நாட்டுல சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டம் வந்துச்சு, ஒரு வீட்டுக்கு சோலார்ல ஓடுற ஐந்து சிஎஃப்எல் விளக்கு. அதே வருஷம் அதே அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேனும் கொடுத்துச்சு. ஐந்து விளக்குக்கு சூரியன் போதும். கிரைண்டருக்கு ஈ.பி. கம்பம்தான் வேணும். ஒரே அரசோட ரெண்டு பரிசு, ஒண்ணுக்கொண்ணு பேசிக்கல.

சரி, இவ்வளவும் படிச்சுட்டு ஒரு நோட்டை எடுத்து, அப்பா வீட்டுக்குக் கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போடுங்க.

ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒண்ணே கால் யூனிட். நாலு ஃபேன், பத்து மணி நேரம், சுமார் மூணு யூனிட். விளக்கு அரை. கிணத்து மோட்டார் ஒரு மணி நேரம், முக்கால். மிக்ஸி, டிவி, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து ஒண்ணு. ஆச்சியோட மெஷின் 350 வாட், பத்து மணி நேரம், மூணரை. மொத்தம் பத்து யூனிட். ஏசி இல்ல, ஹீட்டர் இல்ல, இன்டக்‌ஷன் அடுப்பு இல்ல. எங்க அப்பா சிக்கனக்காரர்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் சராசரியா நாளைக்கு நாலு யூனிட் தரும். மூணு கிலோவாட் போட்டா பன்னிரண்டு. போதும்ல? போதும், வெயில் அடிக்கிற நாளைக்கு. ஐப்பசி, கார்த்திகையில அடைமழை பிடிச்சா அதே பேனல் மூணு யூனிட் தந்தாலே பெரிசு. அப்போ நாளைக்கு ஏழு யூனிட் துண்டு விழும். மூணு நாள் தொடர்ந்து மூடிக்கிட்டு இருந்தா இருபத்தொரு யூனிட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வெக்கிறோமே, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, அதுல இருக்கிறது 1.8 யூனிட். அடி வரைக்கும் உறிஞ்சினா சீக்கிரம் செத்துடும். அதோட ஆயுசைப் பாத்துக்கிட்டா ஒரு யூனிட் எடுக்கலாம். ஆக, இருபத்தொரு பேட்டரி. ஒண்ணு பதினஞ்சாயிரம்னு வெச்சாலே மூணு லட்சத்தைத் தாண்டுது, அஞ்சாறு வருஷத்துக்கு ஒருமுறை. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கசியும், ஜன்னல் வெச்ச ரூம் வேணும். லா கூர் ஞாபகம் வர்றாரா? லித்தியம் வாங்கினா எண்ணிக்கையும் குறையும், ஆயுசும் கூடும், ஆனா முதல்ல கொடுக்கிற பணம் இன்னும் அதிகம். கிளீவ்லாந்து நிலவறையில இருந்த அந்த 408 பேட்டரி எனக்கு இப்போதான் சரியாப் புரிஞ்சது. அந்த மனுஷர் பல்பை எரிக்க அதை வாங்கல. காத்து அடிக்காத நாளை விலைக்கு வாங்கினார்.

"அப்போ காத்தாடி?"ன்னு அப்பா கேட்டார். காத்தோட வேகம் பாதியானா, அதுல இருக்கிற சக்தி பாதி ஆகாது; எட்டுல ஒரு பங்கு ஆகிடும். பெரிய காற்றாலை எல்லாம் அவ்வளவு உயரத்துல நிக்கிறது அதுக்குத்தான். வீட்டுக் கூரையில வெச்ச சின்ன காத்தாடிக்கு, மரம், சுவர், தண்ணித் தொட்டி எல்லாம் மோதிக் குழம்பின காத்துதான் கிடைக்கும். பணகுடியில காத்து வைகாசிக் கடைசியில இருந்து புரட்டாசி வரைக்கும் பேய் மாதிரி அடிக்கும். ஐப்பசியில அடங்கிடும். வெயில் எந்த மாசம் ஏமாத்துதோ, அதே மாசம் காத்தும் ஏமாத்தும். ஒண்ணு போனா ஒண்ணு கைகொடுக்கும்னு அப்பா நினைச்சிருந்தார். வருஷத்துல பல மாசம் அது உண்மை. ஆச்சிக்கு மூச்சு முட்டுற அந்த மழைக்கால ரெண்டு மாசத்துல மட்டும் உண்மை இல்ல.

எங்க நிலத்தைச் சுத்தி நிக்கிற காற்றாலைங்க எப்படிச் சமாளிக்குதுனு பாத்தேன். அது எதுவுமே தனியா நிக்கல. எல்லாம் லைன்லதான் கட்டியிருக்கு. காத்துக் காலத்துல லைனுக்குக் கொடுத்துட்டு அப்புறம் எடுத்துக்கிற "பேங்கிங்" ஏற்பாடு தமிழ்நாட்டுல ரொம்ப வருஷமா இருக்கு. காற்றாலை முதலாளிங்களே லைனைத்தான் பேட்டரியா வெச்சிருக்காங்க.

ஒரு சின்ன விஷயம், சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு. "எங்க மாடியில சோலார் இருக்கு, எங்களுக்குப் பவர் கட் கிடையாது"னு என் ஃப்ரெண்ட் ஒருத்தி பெருமையாச் சொல்லிட்டு இருந்தா. பவர் கட் வந்த அன்னிக்கு, உச்சி வெயில்ல, அவ வீட்டுலயும் இருட்டு. பேட்டரி இல்லாம லைனோட இணைச்ச சோலார், லைன் போனா தானும் நின்னுடும். கம்பத்துல வேலை பாக்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுனு அப்படி வெச்சிருக்காங்க. நியாயம்தான். ஆனா விக்கும்போது இதை யாரும் முதல் வரியில சொல்றதில்ல.

எனக்கு இதுல ஒரு சொந்த பயமும் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தப்போ நான் வேளச்சேரியில இருந்தேன். நாலு நாள் கரண்ட்டு இல்ல. இன்வெர்ட்டர் முதல் ராத்திரியிலயே போயிருச்சு. அந்த நாள்ல பெரும்பாலும் சூரியனையே பாக்கல. கீழ் வீட்டுல இருந்த ஒரு தாத்தாவுக்கு நெபுலைசர் வேணும். மூணு வீட்டு பேட்டரியைச் சேர்த்து அவருக்கு ரெண்டு தடவை ஓட்டினோம். அந்த நேரத்துல பக்கத்து வீடுங்க இருந்தாங்க. பணகுடி நிலத்துல பக்கத்து வீடு எங்கேயோ இருக்கு.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொன்னேன். அரை மணி நேரம் பொறுமையாக் கேட்டார். "அப்போ சோலாரே வேண்டாங்கிறியா?"ன்னார். இல்லப்பா. சோலார் போடுங்க, மூணு கிலோவாட் போடுங்க, பகல்ல மோட்டாரும் ஃப்ரிட்ஜும் அதுல ஓடட்டும், மிச்சம் லைனுக்குப் போகட்டும். ஆச்சி மெஷினுக்கு மட்டும் ஒரு ராத்திரி தாங்குற லித்தியம் பேட்டரி தனியா வைங்க. அதுக்கும் மேல ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் மூலையில நிக்கட்டும். அந்த சிலிண்டர்தான் நம்ம எண்ணெய் இன்ஜின். ஆனா அந்த ஏழு போஸ்ட்டை விட்டுடாதீங்க.

கொஞ்ச நேரம் பேசல. அவரோட கனவுல இருந்த வீட்டுக்கு வயர் கிடையாது, அது எனக்குத் தெரியும். அப்புறம், "சரி, நாளைக்குப் போய் பணத்தைக் கட்டிட்டு வர்றேன்"னார். பின்னாடி ஆச்சியோட குரல்: "வயரு தந்துட்டானா?"

நேத்து கூப்பிட்டேன். ஆறு போஸ்ட் நட்டாச்சாம். ஏழாவது நட வேண்டிய இடத்துல பாறை. ரெண்டடிக்கு மேல தோண்ட முடியலையாம். ஆச்சி இப்போதைக்கு நாகர்கோவில் வீட்டுலயே இருக்கா.